குண்டாஸ் போட்டுவிட்டார்களா? தேதியை எண்ணத் தொடங்குங்கள்

தெருவில் ஒரு கொலை நடக்கிறது. சிசிடிவி காட்சி மறுநாள் எல்லோர் கைபேசியிலும் ஓடுகிறது. "இவனுங்களை எல்லாம் சுட்டுத் தள்ளணும்", "வெளிய வர முடியாத மாதிரி குண்டாஸ்ல போடுங்க" என்று டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே குரல். 2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாளில் மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ஜூலை 14 அன்று, கைதானவர்களில் ஒருவரான திருவேங்கடம் போலீஸ் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் சென்னையில் மேலும் இரண்டு என்கவுன்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் கிடைத்தது.

அந்தக் கைதட்டலின் விலையைக் கொடுப்பவர்கள் ரவுடிகள் மட்டும் இல்லை. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு சட்டம் 14/1982, கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், பாலியல் தொழில் தரகர்கள், குடிசை நில அபகரிப்பாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து வந்தது. பிறகு வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல், சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று பட்டியல் நீண்டது. 2017இல் மெரினாவில் நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும், துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி ஒருவர் மீதும் இதே சட்டம் பாய்ந்தது. இரண்டு ஆணைகளையும் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே ரத்து செய்தது. 2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த ஏழு பேர் மீது போடப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதான ஆணையை அரசே விலக்கிக்கொண்டது. பெயர் தெரிந்தவர்களுக்கு ஊர் குரல் கொடுக்கிறது. கண்ணகி நகரிலோ வியாசர்பாடியிலோ ஒரு பையனைப் பிடித்துப் போட்டால் அவன் அம்மா தனியாகத்தான் அலைய வேண்டும். இந்த வழிகாட்டி அந்த அம்மாவுக்கும், அவருக்கு உதவ முன்வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது தண்டனை இல்லை, தடுப்புக் காவல். விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது, அதிகபட்சம் 12 மாதம் உள்ளே. "செய்தான்" என்று நிரூபிக்க வேண்டியதில்லை. "வெளியே விட்டால் செய்வான்" என்று மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ நம்பினால் போதும். குற்றமே செய்யவில்லை என்று வாதாடி இந்த ஆணையை உடைப்பது அரிது. உடைவது பெரும்பாலும் காகிதத்தில்தான்: தேதி தவறியது, பக்கம் படிக்க முடியவில்லை, மனுவுக்குப் பதில் தாமதம். சட்டம் ஒருவரின் சுதந்திரத்தை இவ்வளவு எளிதாகப் பறிக்க அனுமதிப்பதால், அதற்கு ஈடாக விதித்த சிறு சிறு நிபந்தனைகளை நீதிமன்றம் கறாராகப் பார்க்கிறது. அதனால் உங்கள் வேலை தேதிகளையும் தாள்களையும் சேர்ப்பது.

முதல் நாள்: ஒரு நோட்டு வாங்குங்கள்

பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே ஒரு வழக்கில் கைதாகிச் சிறையில் இருப்பார். அங்கே வைத்துத்தான் தடுப்புக் காவல் ஆணையைக் கொடுப்பார்கள். ஆணையில் இரண்டு தேதி முக்கியம்: கையெழுத்தான தேதி, சிறையில் அவர் கையில் கொடுத்த (சார்வு செய்த) தேதி. இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டையும் எழுதி, அதன் கீழே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள்: காவலில் வைத்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் கொடுத்திருக்க வேண்டும். வக்கீல்கள் இதை 'புக்' என்பார்கள். நூறு, இருநூறு பக்கம் இருக்கும்.

பன்னிரண்டு நாள்: ஆட்சியரோ ஆணையரோ போட்ட ஆணை, போட்ட நாளிலிருந்து 12 நாளைத் தாண்டி நிற்க வேண்டுமானால் அதற்குள் மாநில அரசு ஒப்புதல் தந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம்: அதற்குள் அரசு விஷயத்தை அறிவுரைக் கழகத்துக்கு, அதாவது காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் மூவர் குழுவுக்கு, அனுப்ப வேண்டும்.

ஏழு வாரம்: அதற்குள் கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரமும் ஏழு வாரமும் காவலில் வைத்த நாளிலிருந்து எண்ணப்படும். இவற்றில் எது தவறினாலும் ஆணை விழ வாய்ப்பு உண்டு.

"மூணு மாசத்துல தானா வெளிய வந்துடுவான்" என்று சிறை வாசலில் சொல்வார்கள். நம்பாதீர்கள். சட்டத்தில் வரும் மூன்று மாதம், ஆணை போடும் அதிகாரத்தை ஆட்சியருக்கோ ஆணையருக்கோ அரசு ஒப்படைக்கும் காலம். அதை அரசு தொடர்ந்து புதுப்பிக்கிறது. உள்ளே இருப்பவரின் காலத்தை அது குறைக்காது. ஆனால் ஒரு சரிபார்ப்பு உண்டு: ஆணை போட்ட தேதியில் அந்த அரசாணை நடப்பில் இருந்ததா என்று வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். உயர் நீதிமன்ற வழக்குக்குச் சென்னையிலும் மதுரையிலும் உள்ள உயர் நீதிமன்றச் சட்டப்பணிக் குழுவைக் கேளுங்கள்.

புக்கைப் படிக்கும் முறை

அந்தப் புத்தகத்தை சிறையில் இருப்பவரிடமிருந்து உடனே வாங்கி முழுதாக நகல் எடுங்கள். அசலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பிறகு காட்ட அதுதான் தேவைப்படும். அசலில் பேனா வைக்காதீர்கள். குறிப்பெல்லாம் நகலில் இருக்கட்டும்.

உள்ளே இரண்டு வகை வழக்கு இருக்கும். பழைய வழக்குகளை 'அட்வர்ஸ் கேஸ்' என்பார்கள். கடைசியாகப் பிடிக்கப்பட்ட, ஆணைக்கு அடித்தளமான வழக்கு 'கிரவுண்ட் கேஸ்'. கிரவுண்ட் கேஸில் வழக்கமாக ஒரே கதை வரும்: கத்தியைக் காட்டிப் பணம் பறித்தார், கூட்டம் சேர்ந்ததும் "எவனாவது கிட்ட வந்தா வெட்டுவேன்" என்று கத்தியைச் சுழற்றினார், பொதுமக்கள் சிதறி ஓடினர், கடைக்காரர்கள் கதவை இழுத்து மூடினர், போக்குவரத்து நின்றது. இந்த வரிகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. பொதுமக்களிடம் அச்சமோ பாதுகாப்பின்மை உணர்வோ உண்டானால் 'பொது ஒழுங்கு' கெட்டதாகக் கொள்ளலாம் என்கிறது இந்தச் சட்டம். ஆக, மக்களின் பயம்தான் இங்கே சாட்சி. ஆனால் அந்தப் பயத்தைப் பற்றி மக்களிடம் யாரும் கேட்பதில்லை, எழுதிக்கொள்கிறார்கள்.

அதனால் இந்த இடத்தில் நேரம் செலவிடுங்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். எந்த நேரம், அங்கே கடை இருக்கிறதா, அந்த நேரத்தில் திறந்திருக்குமா, பேருந்து போகும் சாலையா, முட்டுச் சந்தா? முதல் தகவல் அறிக்கையில் உள்ள வாசகம் அட்வர்ஸ் கேஸ்களிலும் எழுத்து மாறாமல் வருகிறதா? கடைக்காரர் எவரும் சாட்சியாகக் காட்டப்பட்டிருக்கிறாரா? ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களை வரைந்து காட்டியது: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்குள் நாட்டுப் பாதுகாப்பு. இரண்டு பேருக்கு இடையில் நடந்த தகராறு முதல் வட்டத்தில் நிற்கும். அதற்குத் தண்டனைச் சட்டம் போதும், தடுப்புக் காவல் கூடாது. முன்பகையில் நடந்த அடிதடிக்குக் குண்டாஸ் போட்டிருந்தால் இந்த வாதம் வலுவாக நிற்கும். நடுச்சாலையில் கூலிப்படைக் கொலை என்றால் நிற்காது. அங்கே நடைமுறைக் குறைகளைத்தான் தேட வேண்டும்.

பிறகு பக்கம் பக்கமாகப் போங்கள். ஒவ்வொரு பக்க எண்ணுக்கும் எதிரே எழுதுங்கள்: தெளிவாக இருக்கிறது, மங்கல், பாதி வெட்டுப்பட்டது, வெற்றுத் தாள், ஆங்கிலம் மட்டும். ரிமாண்டு ஆணை, மருத்துவச் சான்று, ஜாமீன் உத்தரவு ஆகியவை ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, காவலில் இருப்பவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்றால் அது பெரிய குறை. 1999இல் பொவனம்மாள் வழக்கில், ஆணைக்கு அடிப்படையான ஓர் ஆவணத்தின் தமிழாக்கம் தரப்படாததற்காகவே உச்ச நீதிமன்றம் காவலை ரத்து செய்தது. தெலுங்கோ இந்தியோ வங்காளமோ மட்டும் தெரிந்த தொழிலாளி என்றால் அவர் மொழியில் இருக்க வேண்டும். குறை கண்டதும் சும்மா இருக்காதீர்கள். "இன்னின்ன பக்கம் படிக்க முடியவில்லை, தெளிவான நகலும் தமிழாக்கமும் தாருங்கள்" என்று காவலில் இருப்பவரே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நேரே நீதிமன்றம் போனால் "பாதிப்பு ஏதும் இல்லையே" என்ற பதில் வரும்.

கைதான நாளுக்கும் ஆணை போட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்றும் எண்ணுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் போட்டார்கள், காரணம் சொல்லவில்லை என்றால், அத்தனை அவசரமான ஆபத்து இருந்ததா என்று கேட்கலாம். 2022இல் சுஷாந்த குமார் பனிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது.

ஜாமீன் மனு போடலாமா?

பலர் தடுக்கி விழும் இடம் இது. சிறையில் இருப்பவர் மீது தடுப்புக் காவல் போட வேண்டுமானால், அவர் ஜாமீனில் வெளிவர உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று ஆணை போடுபவர் ஆதாரத்தோடு நம்பியிருக்க வேண்டும். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லையென்றால், அதேபோன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்ததைக் காட்ட வேண்டும். இதற்குப் பெயர் 'சிமிலர் கேஸ்'. ரேகா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: விவரமே இல்லாமல் "இதுபோன்ற வழக்கில் ஜாமீன் கிடைக்கிறது" என்று எழுதினால் செல்லாது. தமிழ்நாட்டில் ரத்தாகும் ஆணைகளில் கணிசமானவை இங்கேதான் விழுகின்றன.

எனவே புக்கில் இணைத்துள்ள சிமிலர் கேஸ் உத்தரவை எடுத்து ஒப்பிடுங்கள். அதே பிரிவா? அந்த ஆளுக்கு முன்வழக்கு இருந்ததா? அங்கே 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராததால் கிடைத்த ஜாமீனா, தகுதி பார்த்துக் கொடுத்ததா? பிரிவு வேறு, சூழல் வேறு என்றால் அது ஒப்பாகாது. ஜாமீன் மனு தள்ளுபடியான பிறகும் "நிலுவையில் உள்ளது" என்று ஆணையில் எழுதியிருப்பதும் உண்டு. தேதியைப் பாருங்கள்.

ஆணை வரும் முன்பே அவசரப்பட்டு எல்லா வழக்கிலும் ஜாமீன் மனு போட்டால், அந்த மனுவே குண்டாஸுக்கான காரணமாக எழுதப்படும். போடாமல் இருந்தால் சிறையில் நாள் கழியும். இதற்கு ஒரே விடை கிடையாது. வழக்கு எண்ணிக்கையையும் அந்தக் காவல் நிலையத்தின் போக்கையும் பார்த்து வக்கீல் முடிவு செய்ய வேண்டும். ஆணை வந்த பிறகு கணக்கு மாறுகிறது. கிரவுண்ட் கேஸில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 187(3)இன்படி கிடைக்கும் ஜாமீன் உரிமை குண்டாஸால் போய்விடாது. "குண்டாஸ்லதானே இருக்கான், ஜாமீன் எதுக்கு" என்று விட்டுவிட்டு, பின்னால் ஆணை ரத்தானதும் அந்த வழக்கில் மீண்டும் மாதக் கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. 61ஆம் நாள், 91ஆம் நாள் எப்போது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

முறையீட்டு மனு

அரசியல் சாசனம் 22(5) தரும் உரிமை இது. இதில் காட்டும் சோம்பல் பின்னால் பெரிதாகக் கடிக்கும். மூன்று மனு எழுதுங்கள். ஒன்று, ஆணை போட்ட ஆட்சியருக்கு அல்லது ஆணையருக்கு. அரசு ஒப்புதல் தரும் வரை அவரே ஆணையைத் திரும்பப் பெறலாம். இந்த வாய்ப்பு இருக்கிறது என்று காவலில் இருப்பவருக்குத் தெரிவிக்காததே குறை என்று 2000இல் சந்தோஷ் சங்கர் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது, அரசுச் செயலாளர், உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை 600009. மூன்றாவது, அறிவுரைக் கழகத் தலைவருக்கு; முகவரி காரணங்களின் கடைசிப் பத்தியில் இருக்கும்.

மனு நீளமாக வேண்டாம், இரண்டு பக்கம் போதும். ஆணை எண், தேதி, அட்வர்ஸ் கேஸ்களின் உண்மை நிலை (எதில் விடுதலை, எது சமரசம், எதில் இன்னும் குற்றப்பத்திரிகை இல்லை), கிரவுண்ட் கேஸில் உள்ள முரண், படிக்க முடியாத பக்க எண்கள், தேவையான ஆவணங்கள். கெஞ்சல் பத்தி ஒன்றும் தேவையில்லை. காவலில் இருப்பவர் கையெழுத்திட்டுச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக ஒரு தொகுப்பு போகட்டும். சிறைப் பதிவேட்டில் ஏறிய எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தார் கையெழுத்தில் இன்னொரு தொகுப்பை ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

ஏன் இவ்வளவு? அரசு அந்த மனுவைத் தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும். பின்னால் உயர் நீதிமன்றத்தில் அரசு ஒரு தேதிப் பட்டியல் தாக்கல் செய்யும்: மனு வந்த நாள், ஆணை போட்டவரிடம் குறிப்புரை (மனுவுக்கான பதில்) கேட்ட நாள், குறிப்புரை வந்த நாள், கோப்பு சார்புச் செயலாளரிடம் போன நாள், துணைச் செயலாளர், அமைச்சர், நிராகரித்த நாள், சிறையில் கொடுத்த நாள். உதாரணமாக 3ஆம் தேதி வந்த மனுவுக்கு 4ஆம் தேதி குறிப்புரை கேட்டு அது 17ஆம் தேதி வந்தால், இடையில் 12 நாள். அதில் சனி, ஞாயிறு, அரசு விடுமுறையைக் கழிப்பார்கள். மிச்சமுள்ள எட்டு நாளுக்கு என்ன விளக்கம் என்று நீதிபதி கேட்பார். விளக்கம் இல்லையென்றால் அந்த ஒரு காரணமே போதும். அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்பது ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று ராஜம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவே போடாதவருக்கு இந்தக் கதவு அடைபட்டுவிடும்.

அறிவுரைக் கழகத்தில் ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருப்பார்கள். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. ஆனால் வக்கீல் அல்லாத ஒரு நண்பரின் துணையைக் கேட்கலாம் என்று ஏ.கே. ராய் வழக்கில் 1981லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நேரம் சில நிமிடம்தான் கிடைக்கும். எனவே எழுதிய தாளையே கொடுத்துவிடுவது நல்லது. கழகம் "போதிய காரணம் இல்லை" என்றால் அரசு விடுவித்தே ஆக வேண்டும். அப்படி நடப்பது குறைவு. கழகத்தை மட்டும் நம்பி உயர் நீதிமன்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆட்கொணர்வு மனு

எச்.சி.பி. என்று வக்கீல்கள் சொல்லும் மனு இது. ஒருவரைக் காவலில் வைத்தது சட்டப்படி செல்லுமா என்று பார்த்து விடுவிக்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்பது. தென்மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை, மற்றவை சென்னை. தாய், தந்தை, மனைவி, உடன்பிறந்தவர், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். எதிர்மனுதாரர்கள்: உள்துறைச் செயலாளர், ஆணை போட்டவர், சிறைக் கண்காணிப்பாளர், பரிந்துரைத்த காவல் ஆய்வாளர். இணைக்க வேண்டியவை ஆணை, காரணங்கள், முழு புக், அனுப்பிய மனுக்களும் ரசீதுகளும், உறவுமுறைச் சான்று.

ஆணை கையில் கிடைத்த வாரமே தாக்கல் செய்யுங்கள். காரணம் எளியது. வரிசை நீளம். இறுதி விசாரணைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். 12 மாதக் காவலில் ஏழெட்டு மாதம் கழிந்த பிறகு "ஆணை செல்லாது" என்று கிடைக்கும் வெற்றியில் என்ன மிச்சம்? விசாரணை இல்லாமலே தண்டனை முடிந்துவிடுகிறது. ஆணை ரத்தானாலும் போட்டவருக்குப் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. இந்தச் சட்டம் இத்தனை தாராளமாகப் பயன்படுவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. அரசின் பதில் மனு வந்ததும் அதிலுள்ள தேதிகளைப் பார்த்துக் கூடுதல் காரணங்களைச் சேர்க்க வக்கீலை நினைவூட்டுங்கள்.

ரத்து உத்தரவில் "வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் விடுவிக்கவும்" என்ற வரி இருக்கும். எல்லா வழக்கிலும் ஜாமீன் வாங்கி, ஜாமீன்தாரர்களைத் தயாராக வைத்திருங்கள். வேறு நிலையத்தின் பி.டி. வாரன்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) ஏதும் சிறையில் கிடக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். சிலர் மீது விடுதலை நாளிலேயே இரண்டாவது ஆணை வரும். பழைய காரணங்களையே திரும்ப எழுதி அப்படிப் போட முடியாது. புதிய சம்பவம் வேண்டும்.

உள்ளே போடாமலே கட்டிப்போடுவது

குண்டாஸ் அளவுக்குப் போகாமல் இரண்டு வழி உண்டு. ஒன்று நன்னடத்தைப் பிணை, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகள். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126, 129. 126இல் ஓர் ஆண்டு வரையும் 129இல் மூன்று ஆண்டு வரையும் பிணைப் பத்திரம் கேட்கலாம். கையெழுத்துப் போடும் முன் 130இன் கீழான எழுத்து ஆணையைக் கேளுங்கள். என்ன தகவல், எவ்வளவு தொகை, எத்தனை காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்று அதில் இருக்க வேண்டும். விசாரணை ஆறு மாதத்தில் முடியாவிட்டால் பொதுவாக அது தானே கலைந்துவிடும். படிக்காமல் போட்ட கையெழுத்து பின்னால் "பத்திரத்தை மீறினான்" என்று மிச்சக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பும். காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் தந்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாதென்றது. பிடிப்பவரே நீதிபதியாக முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆணையில் யார் கையெழுத்து என்று பாருங்கள்.

மற்றது சரித்திரப் பதிவேடு, பேச்சுவழக்கில் ரவுடி லிஸ்ட். தமிழ்நாட்டில் காவல் நிலை ஆணைகள் 746 முதல் 748 வரை இதற்கானவை. காலம் முடிந்த பிறகும் பதிவேட்டைத் தொடர வேண்டுமானால் உயர் அதிகாரி ஒருவர் ஆண்டுதோறும் டிசம்பர் வரை நீட்டித்து ஆணையிட வேண்டும். பல நிலையங்களில் நீட்டிப்பு ஆணையே இல்லாமல் தாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். "எந்தத் தேதியில், யார் நீட்டித்தார்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பிறகு கண்காணிப்பாளருக்கு மனு, பயனில்லையேல் உயர் நீதிமன்றம். நள்ளிரவில் கதவைத் தட்டி வீட்டுக்குள் வந்து பார்ப்பது 1962இல் கரக் சிங் வழக்கிலேயே சட்டவிரோதமாகிவிட்டது. பதிவேடு பொது ஆவணம் இல்லை, குடும்பத்துச் சிறார்களின் விவரம் அதில் கூடாது என்று 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நிலையச் சுவரில் படம் ஒட்டினாலோ வாட்ஸ்அப் குழுவில் போட்டாலோ அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டு, என்கவுன்டர்

"கழிவறையில் வழுக்கி விழுந்து" கை கால் முறிந்த படங்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. சிரிப்பவர்களுக்கு ஒன்று: அந்தக் காயத்தால் ஒப்புதல் வாக்குமூலத்தின் மதிப்பு கெடுகிறது, வழக்கே பலவீனமாகிறது, உண்மையான கொலையாளி தப்பவும் கூடும். குடும்பம் செய்ய வேண்டியது, ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது வக்கீலோடு நடுவர் முன் இருந்து, காயத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிவாக்குவது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலுக்கு அன்றே மனுக் கொடுங்கள். சிறைச் சேர்க்கையின்போது எழுதப்படும் காயக் குறிப்பும் சாட்சி.

என்கவுன்டர் நடந்துவிட்டால் 2014இல் பி.யு.சி.எல். எதிர் மகாராஷ்டிரா வழக்கில் தந்த 16 நெறிமுறைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை, சி.ஐ.டி. அல்லது வேறு நிலையக் குழுவின் விசாரணை, நடுவர் விசாரணை, இரண்டு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனை, அதன் வீடியோ பதிவு எல்லாம் அதில் உண்டு. உடலை எரிக்கும் முன் வீடியோ எடுக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். மறு பரிசோதனை வேண்டுமென்றால் அன்றே உயர் நீதிமன்றம் போக வேண்டும். எரித்த பிறகு வழியில்லை. நெறிமுறை மீறப்பட்டால் மாவட்ட அமர்வு நீதிபதியிடம் புகார் தரலாம்.

பயந்துபோன தெருவுக்கு

இதுவரை சொன்னது ஒரு பக்கம். கொலை நடந்த தெருவில் வசிப்பவர்களின் பயமும் பொய் இல்லை. அவர்கள் கேட்க வேண்டியது குண்டாஸ் எண்ணிக்கையை அல்ல. ரவுடி வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சாட்சி பின்வாங்குவதால். அதற்கு 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம், அதன் உறுப்பினர் செயலரான அரசுத் தரப்பு வழக்கு நடத்துநர் வழியாக விண்ணப்பிக்கலாம். அச்சுறுத்தல் அறிக்கையைக் காவல் துறை ஐந்து வேலை நாளில் தர வேண்டும். ஒரு நேரத்தில் மூன்று மாதம் வரை பாதுகாப்பு ஆணை கிடைக்கும், நீட்டிக்கலாம். வீட்டுக்குக் கேமரா, ரோந்து, நீதிமன்றத்துக்குப் போய்வரத் துணை, குற்றவாளியை நேரில் பார்க்காமல் சாட்சியம், இடமாற்றம் வரை அதில் உண்டு.

குடியிருப்போர் சங்கம் ஆய்வாளரைச் சந்திக்கும்போது மூன்று கேள்வி கேட்கட்டும்: குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில் தாக்கலாகும், சாட்சிகளில் எத்தனை பேருக்குப் பாதுகாப்பு மனு போடப்பட்டது, ஜாமீனில் வந்தவர் மிரட்டினால் ஜாமீன் ரத்து மனு யார் போடுவார். பதில்களை அங்கேயே தேதியோடு எழுதி, ஆய்வாளரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு வாருங்கள்.